இடி விழுந்த படகை முதலில் கரையேற்றுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடி மின்னலைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் மலாக்கா நீரிணையின் இந்தக் கரையில் பிற்பகல் ஆனதும் வானம் கறுத்துவிடுகிறது. அதன் பிறகு வரும் மாதங்களில், விடிவதற்கு முன்பே சுமத்திராப் பக்கத்திலிருந்து சூறைக்காற்று இடியோடு வந்து இறங்குகிறது. லங்காவியில் படகுகளுக்கு மின்வேலை பார்ப்பது என் தொழில். அடுத்த இடி எந்தப் படகின் பாய்மரக் கம்பத்தில் விழுமோ என்ற கவலை இங்கே எல்லோருக்கும் உண்டு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் 36 அடி கண்ணாடி இழைப் பாய்மரப் படகில் சென்ற மாதம் இடி விழுந்தது. கம்பத்தின் உச்சியில் இருந்த ஆண்டெனாவைக் காணவில்லை. வானொலி, ஆழமானி, தானியங்கிச் சுக்கான் எதுவும் வேலை செய்யவில்லை. ஆனால் எஞ்சின் ஓடுகிறது, உள்ளே தண்ணீர் ஏறவில்லை. கருவிகளை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், பினாங்கு

சரியில்லை ஐயா. கருவிகள் காத்திருக்கட்டும். படகை இந்த வாரமே தண்ணீரிலிருந்து தூக்குங்கள்.

மின்னல் கம்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அது கடலுக்குப் போயாக வேண்டும். ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான பொழுதில் அலுமினியக் கம்பம் வழியாக இறங்குகிறது. அலுமினியம் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால் கம்பம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆபத்து கம்பத்தின் அடியில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து கடல்வரை தடித்த செம்புக் கம்பி போட்டிருந்தால் மின்னல் அந்த வழியே போகும். போடாவிட்டால், அருகில் இருக்கும் உலோகம் எதுவானாலும் அதற்குத் தாவும். எஞ்சின், நங்கூரச் சங்கிலி, தண்ணீர்த் தொட்டி, கடல்நீர் வால்வு, ஆழமானியின் உணரி என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்து, கடைசியில் கண்ணாடி இழையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு படகைச் சொல்கிறேன். உங்கள் படகின் அளவுதான் இருக்கும். கம்பம் மேல்தளத்தில் நிற்கும் வகை. உள்ளே எங்கும் ஈரமில்லை, கரியில்லை. உரிமையாளருக்கு ஆலோசனை சொன்ன ஒருவர், கரையேற்றுவது வீண் செலவு என்று சொல்லியிருந்தார். நான் விடவில்லை. தூக்கி நிறுத்தி, நீர்மட்டக் கோட்டை ஒட்டி அடிப்பூச்சைச் சுரண்டினோம். குண்டூசித் தலையளவில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. மெல்லிய கம்பியை வைத்து அழுத்தினால் தடையில்லாமல் உள்ளே போனது. ஓர் இரவு காற்றாட விட்டோம். காலையில் பார்த்தால் பல புள்ளிகளிலிருந்து தண்ணீர் கசிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. அதற்கு நேர் உட்புறத்தில் துருப்பிடிக்காத எஃகினால் ஆன தண்ணீர்த் தொட்டி. மின்னல் கம்பத்தடியிலிருந்து தொட்டிக்குத் தாவி, தொட்டியிலிருந்து படகின் உடலைத் துளைத்துக் கடலுக்குப் போயிருக்கிறது. அந்தப் புள்ளிகளை மூடிக்கொண்டிருந்தது வெறும் அடிப்பூச்சு. அடுத்த பயணத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்து மணிக்கணக்கில் ஓடியிருந்தால் அந்தப் பூச்சு எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?

ஆகவே கரையேற்றியதும் எல்லாவற்றுக்கும் முன்பாக உடலில் இருக்கும் ஒவ்வொரு திறப்பையும் பாருங்கள். ஆழமானியின் உணரியைக் கையால் அசைத்துப் பாருங்கள். இடி விழுந்த படகில் அது பிளந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம். அது முழுதாகக் கழன்று விழுந்தால் படகின் அடியில் இருப்பது ஓட்டைதான். கடல்நீர் வால்வுகளைச் சுற்றியுள்ள பசை கருகியிருக்கிறதா என்று பாருங்கள். படகு கவிழாதபடி அதன் அடியில் பாரமாக நிற்கும் ஏராக்கட்டையின் ஈயம் அல்லது இரும்பு வெளியே தெரியும்படி போல்ட்டில் நிற்கிறதா, கண்ணாடி இழைக்குள் வைத்து மூடப்பட்டிருக்கிறதா? மூடிய வகை என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் மின்னல் அந்த உறையைக் கிழித்துக்கொண்டுதான் தண்ணீரைத் தொட்டிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். இழை அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகிவிடும். கம்பத்தைத் தாங்கும் எஃகு வடங்களின் இரு நுனிகளையும், கம்ப உச்சியிலுள்ள உருளிகளையும் ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும். உருளியின் உள்வளையம் உருகி ஒட்டிக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப் ஓடுகிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஓட்டை விழுவதும் பம்ப் பழுதாவதும் ஒரே நொடியில் நடக்கக்கூடியவை. துறையில் கட்டிய இடத்திலேயே படகுகள் மூழ்குவது இப்படித்தான். படகைத் தூக்கும் நாள் வரை காலையும் மாலையும் அடித்தளப் பலகையைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

இன்று ஓடுகிற எஞ்சினையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் போயிருந்தால் எஞ்சின் ஓடும், பேட்டரி ஏறாது. பேட்டரிக்குள் தகடுகள் வெடித்திருந்தாலும் வெளியே தெரியாது. இடி விழுந்த பின் நலமாக இருந்த கருவி வாரங்கள் கழித்துச் செத்துப்போவதும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது, பிற்பாடு தெரியவரும் பழுதுகளையும் சேர்க்கும் உரிமை வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அவசரப்பட்டு முழுத் தீர்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இடி விழுந்தது பக்கத்துப் படகில். எங்கள் படகைத் தொடவே இல்லை. ஆனாலும் எங்கள் வானொலியும் ஜி.பி.எஸ். கருவியும் போய்விட்டன. எப்படி?
– வாசகர், சிங்கப்பூர்

அவ்வளவு பெரிய மின்னோட்டம் ஒரு நொடிக்குள் எழுந்து அடங்கும்போது அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் சட்டென்று எழுந்து அடங்குகிறது. அந்த மாற்றம் அருகில் நீண்டு கிடக்கும் ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரத்தைத் தூண்டிவிடும். உங்கள் கம்பத்துக்குள் உச்சிவரை ஓடும் ஆண்டெனாக் கம்பியே அதற்குப் போதும். கருவியின் பொத்தானை அணைத்து வைத்தாலும் பயனில்லை. கம்பியையே கருவியின் பின்புறத்திலிருந்து கழற்றி எட்ட வைக்க வேண்டும். படகுத்துறையின் கரை மின் இணைப்பு வழியாகவும் வந்திருக்கலாம். வானம் மூடுவதற்கு முன்பே, கரையிலிருந்து வரும் மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடக் கூடாது.

இரட்டை உடல் படகு ஒன்று வாங்க இருக்கிறோம். அகலமான படகு, ஆகவே இடியிலிருந்து பாதுகாப்பு அதிகம் என்று விற்பவர் சொல்கிறார்.
– தம்பதியர், ஜொகூர் பாரு

உண்மை அதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் படகுக் காப்பீடு வழங்கும் அமைப்பு ஒன்று பத்தாண்டுக் கோரிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒற்றை உடல் பாய்மரப் படகுகளில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 4 படகுகள் இடிச் சேதத்துக்குக் கோரியிருந்தன. பல உடல் பாய்மரப் படகுகளில் அது ஏறத்தாழ 7. கம்பமில்லாத சிறு விசைப்படகுகளில் ஒன்றுக்கும் மிகக் குறைவு.

அமைப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒற்றை உடல் படகில் கம்பத்துக்கு நேர் கீழே ஏராக்கட்டையும் அதன் கீழே கடலும் உண்டு. இரட்டை உடல் படகிலோ கம்பம் இரண்டு உடல்களையும் இணைக்கும் பாலத்தின் மேல் நிற்கிறது. அதற்கு நேர் கீழே காற்றுதான். மின்னல் பக்கவாட்டில் ஓடி ஏதாவது ஓர் உடலை அடைந்துதான் கடலுக்கு இறங்க முடியும். போகும் வழியில் படுக்கையறை, சமையலறை, கம்பிக் கற்றைகள் எல்லாம் இருக்கின்றன. படகை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து இரு உடல்களுக்கும் செம்புக் கம்பி இறக்கி, தண்ணீருக்கடியில் தகடு பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் கொழும்புக்குப் போன தோணிகளில் இடி விழுந்து பாய்மரம் சிம்பு சிம்பாகப் பிளந்தது என்பார்கள். இப்போதைய கம்பங்கள் அப்படிப் பிளப்பதில்லையே, ஏன்?
– தோணிக்கார குடும்பத்து வாசகர், தூத்துக்குடி

உங்கள் தாத்தா சொன்னது முற்றிலும் உண்மை. மரத்துக்குள் எப்போதும் ஈரம் உண்டு. மின்னல் அந்த ஈரத்தின் வழியே ஓடும்போது அது நொடிக்குள் கொதித்து நீராவியாகிறது. நீராவிக்கு வெளியேற வழியில்லாததால் மரம் உள்ளிருந்து வெடிக்கிறது. அலுமினியத்தில் மின்னல் உலோகத்தின் வழியாகவே ஓடிவிடுவதால் அந்த வெடிப்பு இல்லை. ஆனால் இப்போது பந்தயப் படகுகளில் வரும் கரிம இழைக் கம்பங்கள் மறுபடியும் கவலைக்குரியவை. கரிம இழை மின்சாரம் கடத்தும், ஆனால் அலுமினியம் அளவுக்கு நன்றாகக் கடத்தாது. சூட்டில் இழைகளைப் பிணைக்கும் பசை கருகி, வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பலம் போயிருக்கும்.

சுமத்திராவின் மறுபக்கக் கடலில் நடந்த பெரும் அழிவு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1798ஆம் ஆண்டு ஜூலை மாதம், பிரிட்டிஷ் கடற்படையின் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற போர்க்கப்பல் சுமத்திராவுக்கும் பங்கா தீவுக்கும் இடையே நங்கூரமிட்டிருந்தது. விடியற்காலையில் இடி விழுந்து கப்பல் வெடித்துச் சிதறியது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பிழைத்தவர்கள் ஒரு சிலரே. அந்தக் கடலைக் கடக்கும் படகுகளுக்கு வேலை செய்யும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

அக்காலத்தில் இடிதாங்கி இல்லாமல் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் அதைக் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கப்பல்களில் அது ஒரு சங்கிலியாக இருந்தது. மேகம் திரண்டால் ஆள் ஏறி அதைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். பெரும்பாலான நேரம் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பிளைமவுத் நகரத்து மருத்துவர் வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் என்பவர் 1820 முதல் இதற்காகப் போராடினார். கம்பத்தின் உச்சியிலிருந்து அடிவரை செம்புத் தகடுகளை மரத்திலேயே பதித்து, அவற்றைக் கப்பலின் உடல் வழியாகக் கடல்நீரோடு நிரந்தரமாக இணைக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் இடியைக் கூப்பிட்டு வரவழைத்ததாகும் என்று எதிர்த்தவர்கள் பலர். டார்வின் பயணம் செய்த 'பீகிள்' கப்பலில் 1831இல் அந்த அமைப்பைப் பொருத்தினார்கள். ஐந்தாண்டுக் காலம் உலகைச் சுற்றிவிட்டு மின்னலால் சேதமின்றி அது திரும்பியது. 1840களில்தான் கடற்படை முழுமைக்கும் இந்த ஏற்பாடு வந்தது. 1847இல் ஹாரிஸுக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்கள். அதற்குள் எத்தனை கம்பங்கள், எத்தனை மாலுமிகள்! இன்று நாம் படகில் போடும் செம்புக் கம்பி அவர் சொன்ன அதே வழிதான்.

கம்ப உச்சியில் வைக்கும் கம்பித் தூரிகை போன்ற கருவி மின்னலை வராமலே தடுக்கும் என்கிறார்களே, வாங்கலாமா? அல்லது நங்கூரச் சங்கிலியை வடத்தில் சுற்றிக் கடலில் தொங்கவிட்டால் போதுமா?
– வாசகர், கிள்ளான்

தூரிகைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மேகத்தின் மின்னேற்றத்தை அது கசியவிட்டு இடியைத் தடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை. தூரிகை வைத்த படகுகளிலும் இடி விழுந்திருக்கிறது.

சங்கிலி ஒன்றுமில்லாததற்கு மேல், அவ்வளவுதான். ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தொடும் இடம் மிகச் சிறியது, பெரும்பாலும் துருவேறியது. தடித்த செம்புக் கம்பியின் ஒரு முனையில் செம்புத் தகட்டை இறுக்கி, மறுமுனையைக் கம்பத்தில் அல்லது வடத்தில் பற்றி, தகட்டைத் தண்ணீரில் அமிழ்த்துவது அதைவிட எவ்வளவோ மேல்.

நிரந்தரமாகச் செய்வதானால் 21 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியைக் கம்பத்தின் அடியிலிருந்து வெளியே தெரியும் ஏராக்கட்டைக்கு இறக்குங்கள். மூடிய ஏரா என்றால் ஒரு சதுர அடிக்குக் குறையாத தகட்டை நீருக்கடியில் பொருத்துங்கள். கம்பி போகும் வழியில் செங்கோண மடக்கு வேண்டாம், மின்னல் அந்த மூலையில் கம்பியை விட்டு வெளியே தாவும். அகன்று வளைந்து போகட்டும். வடங்களின் அடி, பெரிய தொட்டிகள், எஞ்சின் ஆகியவற்றையும் இதோடு இணைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்வது குறையும். இப்படி இணைப்பதால் உலோக அரிப்பு கூடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே அரிப்பைத் தம்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். அரிப்பைச் சமாளிக்கலாம். துளை விழுந்த உடலோடு நடுக்கடலில் என்ன செய்வது?

இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. ஒரு சதுர அடித் தகடு கடலுக்குப் போதும், ஆற்றுக்கும் ஏரிக்கும் போதாது. உப்புநீரை ஒப்பிட்டால் நன்னீர் மின்சாரத்தை மிக மிகக் குறைவாகவே கடத்துகிறது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த யூவன் தாம்சன் இதை 1990களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார். ஆற்றுக்குள் படகு கட்டுபவர்களுக்கு, ஒரே இடத்தில் பெரிய தகடு வைப்பதைவிட நீர்மட்டத்தை ஒட்டிப் பல இடங்களில் வெளியேறும் வழி அமைப்பது நல்லது.

என் கணவரும் 11 வயது மகனும் வார இறுதியில் பாய்மரப் படகில் போகிறார்கள். இடி வந்தால் என்ன செய்வார்கள் என்று எண்ணி வீட்டில் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அவர்களுக்கு நான் என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?
– வாசகி, மலாக்கா

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் நான் முதலில் படித்தேன். படகை மறுபடி கட்டலாம். மனிதருக்காகத்தான் இத்தனையும்.

புறப்படும் முன் வானிலை அறிக்கை பார்க்கச் சொல்லுங்கள். பிற்பகல் இடி எதிர்பார்க்கப்பட்டால் காலையிலேயே போய்விட்டு மதியத்துக்குள் துறைக்குத் திரும்பட்டும். மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்கும்வரை எண்ணினால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் ஓசை வந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டது. மழையே பெய்யாத இடத்திலும் அதற்குள் இடி விழும்.

கடலில் மாட்டிக்கொண்டால் மகன் உடனே உள்ளறைக்குப் போக வேண்டும். கம்பத்தின் அடியிலிருந்து எட்டி உட்கார வேண்டும். கம்பம், எஃகு வடம், நங்கூரச் சங்கிலி, வானொலியின் ஒலிவாங்கி எதையும் தொடக் கூடாது. சுக்கானைப் பிடித்தே ஆகவேண்டிய நிலையில் கணவர் இருந்தால் ஒரு கையால் மட்டும் பிடிக்கட்டும். இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு உலோகங்களைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே பாயும். காலைத் தண்ணீரில் தொங்கவிடுவதோ நீந்துவதோ கூடவே கூடாது. கைவானொலியையும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் மூடியுள்ள உலோகப் பெட்டியில், அல்லது படகின் சமையல் அடுப்புக்குள் வைத்துவிடட்டும். மற்ற கருவிகள் போனாலும் உதவி கேட்க அவை பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும்.

எவருக்காவது அடிபட்டால் தயங்காமல் தொடலாம். இடி தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் அந்தக் கணமே நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். உடனே தொடங்கியதால் பிழைத்தவர்கள் பலர். உங்கள் மகனுக்கு 11 வயது. இந்த முதலுதவியை அவனும் கற்றுக்கொள்ளலாம். நீங்கள் மூவரும் சேர்ந்தே பயிற்சிக்குப் போங்கள்.

இடி விழுந்த பிறகு எங்கள் காந்தத் திசைகாட்டி தவறாகக் காட்டுகிறது. புதிது வாங்கிப் பொருத்தியும் தவறு போகவில்லை.
– வாசகர், திருகோணமலை

கோளாறு திசைகாட்டியில் மட்டும் இல்லை. படகில் உள்ள இரும்பும் எஃகும், குறிப்பாக எஞ்சினும் அதன் தாங்கிகளும், மின்னலின் காந்தப்புலத்தால் காந்தமேறியிருக்கின்றன. முதலில் ஒவ்வொன்றாகத் திசைகாட்டியின் அருகிலிருந்து அகற்றக்கூடியவற்றை அகற்றிப் பாருங்கள். பிறகு காற்றில்லாத ஒரு காலையில், நீரோட்டம் குறைந்த இடத்தில், எட்டுத் திக்கிலும் படகை நேராக ஓட்டி, ஜி.பி.எஸ். காட்டும் திசையோடும் கரையில் வரைபடத்தில் உள்ள குறிகளோடும் ஒப்பிட்டு, காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடான காந்த விலக்கத்தைக் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு திக்கிலும் திசைகாட்டி எவ்வளவு தவறுகிறது என்று குறிக்கும் புதிய பிழையட்டை எழுதுங்கள். ஏறிய காந்தம் நாளாக ஆகக் குறையக்கூடும், ஆகவே சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்துத் திருத்துங்கள். பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இரவில் யாராவது அதைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பிவிடக் கூடாது.